தோல் உரித்த தடி

அலுமினியத் தடி காற்றில் ஒருமுறை சுழன்று, வாசலுக்கு முன்னால் இருந்த பனிக் குவியலுக்குள் போய்க் குத்தி நின்றது. கைபிடி மட்டும் வெளியே தெரிந்தது.

எறிந்தவர் டெனிஸ் தாத்தா. கீழ்வீட்டுக் கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்தபடி, வீட்டுச் செருப்போடு நின்றார். நான் வேலை முடிந்து பால் பெட்டியும் கையுமாக வந்துகொண்டிருந்தேன்.

“குணா, அதை எடுக்காதை. அங்கேயே கிடக்கட்டும்.”

“பனி உருகினால் ஆரும் தடக்கி விழப்போயினம்.”

“விழட்டும். ஆஸ்பத்திரியில அவைக்கும் ஒண்டு குடுப்பினம்.”

பிள்ளைகளே, போன வாரம் டோர்வல் விமான நிலையத்தில் எனக்குப் பெட்டி ஏற்றும் வேலை கிடைத்த கதையோடு நிறுத்தியிருந்தேன். இது அதற்குப் பின் வந்த ஒரு குளிர்காலத்துக் கதை. நீங்கள் தமிழ் வாசிப்பது மெதுவாகத்தான் என்று எனக்குத் தெரியும். அதனால் சின்னச் சின்னதாக உடைத்து எழுதுகிறேன். களைத்தால் நிறுத்திவிட்டு வாருங்கள்.

நாங்கள் அப்போது மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு மேல்வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் டெனிஸ் தாத்தா கீழே இருந்தார். அவருடைய தாத்தாவின் தாத்தா அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்தவராம். டெனிஸ் தாத்தா அயர்லாந்தைக் கண்ணால் கண்டதே இல்லை. ஆனால் கேட்டால், “நான் ஐரிஷ்” என்றுதான் சொல்லுவார். இதை நீங்கள் சிரிக்காமல் வாசிக்க வேண்டும். உங்களிடம் யாராவது கேட்டால் நீங்களும் அப்படித்தானே ஏதோ சொல்கிறீர்கள்.

அவர் பேசியது ஆங்கிலம். கோபம் வந்தால் பிரெஞ்சு. ஆனால் என் நினைவில் எல்லாம் நம் வீட்டுத் தமிழாகவே படிந்துவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

முறிந்தது இரண்டு

அந்த வருடம் இலையுதிர் காலத்தில் அவர் வாசற்படியில் வழுக்கி விழுந்தார். ஈர இலை. இடுப்பு எலும்பு முறிந்தது. அவர் விழுந்த பாரத்தில், கையில் இருந்த தடியும் அவருக்குக் கீழே கிடந்து முறிந்தது.

இடுப்பை ஆஸ்பத்திரியில் பொருத்திவிட்டார்கள். தடியை ஒருவராலும் பொருத்த முடியவில்லை.

அது அவருடைய தகப்பனின் தடி. ஐரிஷ்காரர் அதைப் பிளாக்தோர்ன் என்ற கறுப்பு முள்மரத்தில் செய்வார்கள். மேலே உருண்டையாக ஒரு முண்டு, அதுதான் பிடி. உடம்பெல்லாம் முள் நறுக்கிய இடங்கள் சின்னச் சின்னப் புடைப்பாக இருக்கும். இப்படி ஒரு தடி ஒருமுறை விமானத்தில் வந்து, நான் அதைத் தள்ளுவண்டியில் எடுத்து வைத்திருக்கிறேன். யாரோ மரத்தைச் சரியாகச் சீவாமல் கறுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள் என்று அப்போது நினைத்தேன். இந்த நினைப்பைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் அவர் நடக்கவில்லை. கட்டிலிலிருந்து குளியலறை வரை சுவரைப் பிடித்துப் போவார், வருவார், அவ்வளவுதான். நான் பனிக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்த அலுமினியத் தடியால் அவர் செய்த ஒரே வேலை, நீங்கள் மேலே குதித்து விளையாடும்போது கீழே இருந்து முகட்டைத் தட்டியதுதான்.

“அதைப் பிடிச்சால் நான் ஆஸ்பத்திரி வருத்தக்காரன்,” என்றார் ஒருநாள். “அப்பாவின்ர தடி மாதிரி ஒண்டு பிடிச்சால் நான் றோட்டில போற மனிசன்.”

ஒட்டாவாவில் இருந்த அவருடைய மகள் மோரீன் மாதம் ஒருமுறை வந்து போவாள். தை மாதம் வந்தபோது என்னை வெளியே படிக்கட்டுக்குக் கூப்பிட்டாள். முதியோர் இல்லம் ஒன்றில் அறை பேசி வைத்திருந்தாள்.

“நான் அப்பாவை மறியலில அடைக்கப் பாக்கேல்லை, குணா. திரும்ப விழுந்து கிடந்தால் ஆர் பாக்கிறது? நீங்கள் ரெண்டுபேரும் வேலைக்குப் போறனீங்கள்.”

“ஓம், அது சரிதான்.”

“மார்ச் கடைசி ஞாயிறு வாறன். ஆரின்ர கையையும் பிடிக்காமல் மூலைத் தெப்பனேருக்குப் போய்த் திரும்பி வந்தாரெண்டால் அறை வேண்டாமெண்டு சொல்லிவிடுறன். இல்லாட்டில் வீட்டை விக்கவேண்டியதுதான்.”

தெப்பனேர் என்றால் நம் தெரு மூலையில் இருந்த பலசரக்குக் கடைதான். உங்களுக்கு அது தெரியும். பின்னொரு நாளில் வாசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

வீடு விற்றால் நாங்களும் வீடு தேட வேண்டும். அந்தப் பயம் எனக்கு இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அதற்காக மட்டும் நான் தடி தேடப் போகவில்லை. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், ஹீட்டரை எப்படிக் கூட்டுவது என்று தெரியாமல் கோட்டோடு படுத்திருந்தபோது, கதவைத் தட்டி அதைத் திருகிக் காட்டியவர் அவர்.

தனி மரம்

கடையில் வாங்கலாமே என்று உங்கள் அம்மா கேட்டாள். நானும் கேட்டேன்.

“கடைத்தடியை ஆர் வெட்டினவன், எப்ப வெட்டினவன் எண்டு எனக்குத் தெரியுமோ?” என்றார்.

சரி, மரம் தேடுவோம். பிளாக்தோர்ன் இந்தப் பக்கத்துக் காடுகளில் இல்லை. அதற்கு உறவு மாதிரி ஒரு முள்மரம் இருக்கிறது. பிரெஞ்சில் ஒபெபின் என்பார்கள். வசந்தத்தில் வெள்ளைப் பூ, பிறகு சிவப்புச் சின்னப் பழம், விரல் நீளத்துக்கு முள். அது சரிவரும் என்று டெனிஸ் தாத்தாவே ஒத்துக்கொண்டார்.

அதன்பின் எனக்குக் கண் எல்லாம் மரத்தில்தான். பேருந்தில் போனால் மரம். மலைப் பூங்காவில் நிறைய நின்றன, ஆனால் அங்கே கத்தி வைக்கக் கூடாது. நல்ல வேளை, அறிவிப்புப் பலகையை வாசித்துவிட்டேன்.

ஒருநாள் டோர்வலில், வேலையாட்கள் கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால், வேலிக்கு அப்பால் ஒரு ஒபெபின் நின்றது. அடியிலிருந்து நேராக எழும்பிய கிளை. கிளை தொடங்கும் இடத்தில் கைக்கு அடங்கும் ஒரு முண்டு. படம் எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன்.

டெனிஸ் தாத்தா என் தொலைபேசியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். முதலில் முகம் மலர்ந்தது. பிறகு கேட்டார்.

“பக்கத்தில வேற மரம் இருக்கோ?”

“இல்லை. தனியத்தான் நிக்குது.”

“வெட்டிப்போட்டியோ?”

“இல்லை, கேக்கவேணும் எண்டு…”

“வெட்டாதை!” கையை நீட்டி என் சட்டையைப் பிடித்தார். “தனிய நிக்கிற முள்மரத்தில கை வைக்கக் கூடாது. அது அவையின்ர.”

“ஆரின்ர?”

ஜன்னலைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், “நல்ல ஆக்களின்ர,” என்றார்.

மரத்தில் குடியிருக்கும், பேர் சொல்லக் கூடாதவர்கள் என்று எனக்கு உடனே விளங்கியது. நம்மவர்கள் கொப்புளிப்பான் வந்தால் பேர் சொல்லாமல் ‘அம்மாள்’ என்பதில்லையா, அது மாதிரி. ஒரு வேம்பின் கீழே வைரவருக்குச் சூலம் நட்டுவிட்டால் பிறகு அந்த மரத்தில் யார் கத்தி வைப்பார்கள்? றோட்டுப் போடுபவன்கூட வளைத்துக்கொண்டுதான் போவான்.

“நீங்கள் சேர்ச்சுக்கும் போறேல்லை. உதை மட்டும் நம்புறியளோ?” என்று கேட்டேன்.

“நம்புறேல்லை,” என்றார். “ஆனால் வெட்டவும் மாட்டன். ஏற்கெனவே ஒரு இடுப்பு போயிட்டுது.”

ழில் காட்டிய குவியல்

என்னோடு வேலை செய்தவன் ழில், கியூபெக்காரன். பெட்டி ஏற்றும்போது பாட்டுப் பாடுவான், ஒரே பாட்டு. தெற்கே, அமெரிக்க எல்லைப் பக்கம் தகப்பனின் பண்ணை இருந்தது. நான் மரம் தேடுவதைக் கேட்டுவிட்டு, “முள்மரமா? அந்தச் சனியனை எங்கள் வேலியிலிருந்து டிராக்டர் போட்டுப் பிடுங்கவே ஒரு கிழமை எடுத்தது,” என்றான்.

எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. பச்சைத் தடி வெட்டினால் ஒரு வருடமாவது காய வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும் என்று டெனிஸ் தாத்தா சொல்லியிருந்தார். மோரீன் வருவதற்கோ சில வாரம்தான் இருந்தது. மரம் கிடைத்தாலும் காலம் கிடைக்காது.

“எப்ப பிடுங்கினனீங்கள்?” என்று கேட்டேன்.

“போன வருடத்துக்கு முந்தின வருடம். விறகுக்கு வைத்தது. முள்ளுக்குப் பயந்து ஒருவரும் தொடவில்லை.”

ஞாயிறு அவனோடு போனேன். பண்ணைக் கொட்டிலின் தகரத் தாழ்வாரத்துக்குக் கீழே குவியல் கிடந்தது. வேலி மரம், தனி மரம் இல்லை. வேரோடு பிடுங்கியது, அதனால் அடியில் முண்டு முண்டாக வேர். மழை படாமல் இரண்டு குளிரும் இரண்டு கோடையும் காய்ந்தது.

டெனிஸ் தாத்தாவின் மணிக்கட்டிலிருந்து தரை வரை ஒரு நூல் பிடித்து, முடிச்சுப் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொரு கொப்பாக இழுத்து நூலை வைத்துப் பார்த்தேன். ஒன்று வளைவு. ஒன்று கட்டை. ஒன்றுக்கு உள்ளே பூச்சி. ழில் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து வைத்து அதில் உட்கார்ந்து பாட்டுப் பாடினான். கையுறையைத் துளைத்து முள் குத்திய இடத்தை நான் சூப்பிக்கொண்டிருந்தபோது அது கிடைத்தது.

நேர்த் தடி. கரும் மண்ணிறத் தோல் இறுகிப் பிடித்திருந்தது. வேர் முண்டு ஒரு சின்ன மாங்காய் அளவு. தட்டினால் கணீர் என்றது.

அன்று மாலை டெனிஸ் தாத்தா அதை மடியில் வைத்து, மேலிருந்து கீழ்வரை தடவினார். பிறகு, “அடியைச் சரியா வெட்டி, ரப்பர் ஒண்டு போடவேணும்,” என்றார். “என்ர மச்சான் செய்வான்,” என்றேன் நான்.

சிவம் மாமாவின் கைவேலை

உங்கள் சிவம் மாமா அப்போது சமையலறை அலுமாரி செய்யும் தொழிற்சாலையில் வேலை. புரோசார்ட்டில் அவன் வீட்டுக் கராஜில் எல்லாக் கருவியும் இருந்தது. தடியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். “அடியை வெட்டி ரப்பர் போடு, வடிவாச் செய்,” என்று மட்டும் சொன்னேன். அந்த ‘வடிவா’ என்ற சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது.

அடுத்த சனிக்கிழமை குளியல் துவாய் ஒன்றில் சுற்றிக் கொண்டுவந்தான். நேரே கீழ்வீட்டுக்கே போனோம். அவன் துவாயை விரித்தான்.

தடி வெள்ளை வெளேரென்று இருந்தது. தோல் முழுக்க உரித்து, முள் இருந்த புடைப்பெல்லாம் சீவி, மணல்தாள் போட்டு, வார்னிஷ் அடித்திருந்தான். ஜன்னல் வெளிச்சம் அதில் ஓடியது.

“பாருங்கோ அத்தான், ஒரு முண்டு முடிச்சு இல்லை. பேபியின்ர கன்னம் மாதிரி. மூண்டு பின்னேரம் இருந்தனான்.”

எனக்கும் நல்ல வேலையாகத்தான் பட்டது. பிறகுதான் டெனிஸ் தாத்தாவின் முகத்தைப் பார்த்தேன். அடுப்பில் வைத்த பால் திரைந்துபோனால் வீட்டுக்காரி பார்ப்பது போல அவர் அதைப் பார்த்தார்.

“ஏன் இவர் தோலை உரிச்சவர்?” என்று என்னிடம் கேட்டார்.

நான் சிவத்தைப் பார்த்தேன். சிவம் என்னைப் பார்த்தான்.

“தோலோட ஆர் தடி குடுக்கிறது அத்தான்? கறையான் பிடிக்காதே? எங்கட வீட்டில ஒரு மண்வெட்டிப் பிடிக்கும் தோல் உரிக்காமல் விட்டதில்லை.”

அதை டெனிஸ் தாத்தாவுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன்.

“மொன்றியலில கறையான் இருக்கோ?”

“காணேல்லை,” என்றான் சிவம், மெதுவாக.

“எத்தினை வருசமா இஞ்ச இருக்கிறார் உவர்?”

“அயர்லாந்தைக் கண்டிராத நீங்கள் அதைக் கேக்கப்படாது,” என்றேன்.

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிக்கச் சிரிக்க இடுப்பு நோக, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிவமும் சிரித்தான், ஆனால் அவன் முகம் கறுத்திருந்தது. மூன்று பின்னேரம் அவன் வீணாக்கியிருந்தான். அந்தத் தோல்தான் அந்தத் தடியின் பெருமை என்பது எங்கள் இருவருக்கும் தெரியாமல் போய்விட்டது. நான் அதைப் பெயிண்ட் என்று நினைத்தவன்.

சிரித்து முடித்தபின் டெனிஸ் தாத்தா தடியை எங்களிடம் திருப்பித் தந்தார். “நல்ல வேலை. ஆனால் என்ர இல்லை,” என்றார். அவர் குரலில் இருந்த களைப்பைக் கேட்டு எனக்குப் பயம் வந்தது. முதியோர் இல்லத்து அறைக்குப் போக ஒத்துக்கொண்டவர் மாதிரி இருந்தது அந்தக் குரல்.

வெண்ணெயும் புகையும்

உங்கள் அம்மா தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இஞ்சேருங்கோ, அந்தத் தகப்பன்ர தடியும் தோலாலதான் கறுப்போ எண்டு கேளுங்கோ.”

கேட்டேன். தோல் பாதி, புகை பாதி என்றார். அந்தக் காலத்தில் தடிக்கு வெண்ணெய் பூசி, புகைபோக்கிக்குள் மாதக் கணக்கில் தொங்கவிடுவார்களாம். புகைக்கரி வெண்ணெயோடு சேர்ந்து மரத்துக்குள் இறங்குமாம்.

“புகைபோக்கிக்கு எங்க போறது? வீடெல்லாம் கரண்ட் ஹீட்டர்,” என்றேன்.

“அது மைதானே,” என்றாள் உங்கள் அம்மா சாந்தி.

நீங்கள் கைக்குழந்தையாக இருந்தபோது நாவூறு படாமல் கன்னத்தில் வைத்த கறுப்புப் பொட்டு கடையில் வாங்கியதல்ல. ஆமணக்கெண்ணெய் விளக்கின் சுடருக்கு மேலே தட்டைப் பிடித்து, படிந்த கரியை வழித்து, நெய் விட்டுக் குழைத்து அம்மாவே செய்தது. அவளுக்குத் தெரிந்த வேலை அது. ஒரு குழந்தைக்கு ஒரு சிமிழ் போதும். இது ஒரு முழுத் தடி.

சிவம் குந்தியிருந்து வார்னிஷைச் சுரண்டி எடுத்தான். முள் இருந்த இடங்களைச் சுற்றிக் கொஞ்சம் குடைந்து, புடைப்பு மாதிரி வரப்பண்ணினான். அம்மா அடுப்படியில் நிறைய விளக்கு ஏற்றினாள். நீங்கள் தீபாவளி என்று துள்ளினீர்கள். சற்று நேரத்தில் புகை எச்சரிக்கை மணி வீடே கிழியக் கத்தியது. நான் கதிரையில் ஏறித் துவாயால் விசிறினேன். கீழேயிருந்து அலுமினியத் தடி முகட்டை இடித்தது.

“என்ன செய்யிறியள் மேல? வீட்டை எரிக்கிறியளோ?”

“உங்கட தடிக்குத்தான்!” என்று அம்மா தரையைப் பார்த்துத் தமிழில் கத்தினாள்.

தட்டல் நின்றது. பிறகு ஒரேயொரு தட்டு, மெதுவாக. அதைச் ‘சரி’ என்று எடுத்துக்கொண்டோம்.

ஒரு வாரம் தினமும் பூசினோம். நெய்யும் கரியும் முதலில், பிறகு டெனிஸ் தாத்தா கேட்டுக்கொண்டபடி வெண்ணெயும் கரியும். மரம் குடித்துக்கொண்டே இருந்தது. வெள்ளை, சாம்பலாகி, மண்ணிறமாகி, கடைசியில் கறுப்பாகியது. அவர் அதை வாங்கி ஜன்னலுக்குப் பிடித்துப் பார்த்தார்.

“அப்பாவின்ர மாதிரி இல்லை,” என்றார். தடியை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். “ஆனால் வெண்ணெய் மணம் அதுதான்.”

அதை ஊன்றி எழும்பினார். முதல் நாள் சமையலறை வரை. பிறகு நடைபாதை. ஒரே ஒரு குறை, கரி இன்னும் கையில் ஒட்டியது. பிடித்த கையெல்லாம் கறுப்பு. கையுறை போடச் சொன்னால் முண்டு வழுக்குது என்றார். வாசலுக்கு வெளியே மட்டும் அவர் இறங்கவில்லை. விழுந்த படி அதுதானே. படி வரை வந்து, நின்று, திரும்பிப் போவார். மார்ச் கடைசி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை

அன்று எனக்குக் காலை வேலை. மத்தியானம் மெட்ரோவிலிருந்து ஏறி வந்தால், வாசலில் மோரீனின் கார் நிற்கிறது. அவள் வெள்ளைக் கோட்டோடு படியில் நிற்கிறாள். முகம் பேயறைந்த மாதிரி.

“குணா, அப்பா எங்க? கதவு திறந்து கிடக்கு. உள்ள இல்லை.”

மேலே ஓடிக் கேட்டேன். அம்மா உங்களைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள், ஒன்றும் கேட்கவில்லை என்றாள். திரும்பி இறங்கும்போதுதான் கண்டேன்.

முன்கதவின் ஓரத்தில், கைப்பிடிக்குக் கொஞ்சம் மேலே, கறுப்பாக ஒரு கை. ஐந்து விரலும் தெளிவாக.

படிக்கட்டு இரும்புக் கம்பியில் இன்னொன்று, இழுபட்டபடி. படி இறங்கியிருக்கிறார்!

“மோரீன், இதைப் பாரும்.”

பக்கத்து வீட்டு மரவேலியில் ஒன்று. அந்த இடத்தில் நின்று மூச்சு வாங்கியிருப்பார். பிறகு நிறைய தூரத்துக்கு ஒன்றும் இல்லை. மோரீன் ஓடத் தொடங்கினாள். மூலை விளக்குக் கம்பத்தில் ஒன்று. தெப்பனேரின் கண்ணாடிக் கதவில் ஒன்று, பெரிதாக, ‘திறந்திருக்கிறது’ என்ற பலகைக்குப் பக்கத்தில்.

உள்ளே டெனிஸ் தாத்தா பால் கூடை ஒன்றைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்திருந்தார். முழங்கால்களுக்கு நடுவே தடி. மூக்கிலும் கரி. கடைக்காரர் ஈரத் துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டு முணுமுணுத்தார்.

“அப்பா!” என்றாள் மோரீன்.

“பத்து மணிக்கு வாறன் எண்டனீ,” என்றார் அவர். “பாத்துப் பாத்துத் தடிக்குப் பூசினதில வெண்ணெய் முடிஞ்சுபோச்சு. வாங்க வந்தனான்.”

மடியில் வெண்ணெய்ப் பொட்டலம் இருந்தது. அதிலும் ஐந்து விரல்.

அவரைத் தூக்கி எழுப்ப அவள் கையை நீட்டினாள். அவர் வெண்ணெயை அவளிடம் கொடுத்தார். கையைக் கொடுக்கவில்லை. தடியை ஊன்றித் தானாக எழும்பி, கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு முன்னே நடந்தார். தெருவில் பனி உருகி ஓடிக்கொண்டிருந்தது. மெதுவாகத்தான் போனார். நாங்கள் இருவரும் பின்னால், அவரை முந்திவிடாமல், அதைவிட மெதுவாக நடந்தோம். மோரீன் வெண்ணெயை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

வீட்டு வாசலில் உங்கள் அம்மா வாளியும் துணியுமாக நின்றாள். கதவில் இருந்த கையைத் துடைக்கப் போனாள்.

“வேண்டாம் சாந்தி, விடுங்கோ,” என்றாள் மோரீன். வெண்ணெயை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, தொலைபேசியை எடுத்து, அறை வேண்டாமென்று சொல்ல இல்லத்துக்கு அடித்தாள்.

அந்தக் கதவுக்கு ஏன் ஒருவரும் பெயிண்ட் அடிப்பதில்லை என்று நீங்கள் பல தடவை கேட்டிருக்கிறீர்கள். இதுதான் காரணம்.